ஏழு திரையும் கொஞ்சம் அகல் கரியும்: வடலூர் படம் ஒண்ணு வரைஞ்ச கதை

வடலூர் சத்திய ஞான சபையோட ஏழு திரையை ஆயில் கலர்ல வரையணும்னு ரொம்ப வருஷமா மனசுல ஓடிட்டு இருந்துச்சு, இந்தக் கோடையில தான் முடிச்சேன். கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல வச்சு வரைஞ்சது. என்ன போர்டு, என்ன பெயிண்ட், எங்க மாட்டுச்சுன்னு எழுதி வைக்கலாம்னு தான் ஆரம்பிக்கிறேன், ஆனா வரையும்போது திரையைப் பத்தி நான் நெனச்சுட்டு இருந்ததே தலைகீழாயிடுச்சு, அதனால அதுவும் சேந்து தான் வரும்.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. வள்ளலார் கட்டின சபை எட்டுப் பட்டை வடிவம், தெற்கு பாத்த வாசல், 1872 ஜனவரி 25 தைப்பூசத்துல முதல் ஜோதி தரிசனம். உள்ள ஏழு திரை. வெளியில நிக்கிற நமக்கு முதல்ல கருப்பு, அப்பறம் நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியா கலப்பு, அதுக்கும் அப்பால கண்ணாடியும் ஜோதியும். ஒவ்வொரு திரைக்கும் ஒரு சக்தி, கருப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பரா சக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன் ஞான சக்தி, வெள்ளை ஆதி சக்தி, கலப்பு சிற்சக்தி. மாசப் பூசத்துக்கு ஆறு திரை விலக்குவாங்க, தைப்பூசத்துக்கு மட்டும் ஏழும். கூட்டத்துல எக்கி எக்கிப் பாத்தா சில செகண்டு கெடைக்கும், அவ்ளோதான்.

காலண்டர்ல வர்ற படம் எல்லாம் நடுவுல ஒரு சுடர், சுத்தி ஏழு கலர்ல வளையம், வானவில் மாதிரி. அது எனக்குப் பிடிக்காது. திரைன்னா துணி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு தொங்குது, பின்னாடி இருக்கிற வெளிச்சம் துணியைத் தாண்டி வரணும். அதனால கிளேசிங் பண்ணலாம்னு முடிவு பண்ணேன், அதாவது பெயிண்டை எண்ணெயில நல்லா இளக்கி, கண்ணாடிப் பேப்பர் கணக்கா மெலிசா ஒரு கோட், அது காஞ்சப்பறம் அது மேல இன்னொரு கோட். நடுவுல வெறும் வெள்ளை போர்டு அப்படியே விட்டுடறது, அதான் ஜோதி. அதுலேர்ந்து வெளிப்பக்கம் போகப் போக ஒவ்வொரு திரையா ஏறிட்டே போகும், ஓரத்துல ஏழும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும்.

போர்டு 12 எம்எம் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட், மூணடிக்கு ரெண்டடி, ஆசாரி கிட்ட மிச்சம் கெடந்தது. அது மேல காடாத்துணியை ஃபெவிகால்ல ஒட்டி, தஞ்சாவூர் படத்துக்குப் பண்ற மாதிரி சுக்கான் பொடியும் ஃபெவிகாலும் தண்ணியும் கலந்து பல கோட், நடுநடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. இங்க ஒரு விஷயம் கவனிங்க, சுக்கான் பொடி காஞ்ச நெலமையில பளிச்சுனு வெள்ளையா இருக்கும், ஆனா ஆயில் அதுல இறங்குச்சுன்னா கண்ணாடி மாதிரி ஆகி சாம்பல் தட்டிடும், சுண்ணாம்புக்கும் எண்ணெய்க்கும் ஒளி வளையிற அளவு ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கிட்ட தான்ங்கறதால. அதனால கடைசி ரெண்டு மூணு கோட்ல டைட்டானியம் வெள்ளைப் பொடியைச் சேத்துக்கிட்டேன். இந்த டைட்டானியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவாரு.

கிளேஸ் படத்துல வெளிச்சம் பெயிண்ட்ல இல்ல. ரூம்ல இருக்கிற வெளிச்சம் பெயிண்டைத் தாண்டி உள்ள போயி, அடியில இருக்கிற வெள்ளையில பட்டு, திரும்பப் பெயிண்டைத் தாண்டி நம்ம கண்ணுக்கு வருது. படத்தோட ஒளிங்கறது நாம நிக்கிற பக்கத்துலேர்ந்து போன வெளிச்சம் தான். இது எனக்கு டெக்னிக்கா முன்னாடியே தெரியும். ஆனா சபையில வள்ளலார் கண்ணாடி வச்சிருக்காருங்கறதையும் இதையும் சேத்து நெனச்சுப் பாத்ததே இல்ல. சென்னையில சின்னப் பையனா இருந்தப்பவே ரூம்ல ஒரு கண்ணாடியை மாட்டி, முன்னாடி விளக்கேத்தி, அதுல தணிகை முருகனைப் பாத்தாருன்னு அவர் வரலாற்றுல வரும், அப்பலேர்ந்தே அவருக்கு விளக்கும் கண்ணாடியும் ஜோடி தான் போல. நான் போர்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளையாக்கிட்டு இருந்தப்ப, கண்ணாடி துடைக்கிற வேலை தான் செய்யறோம்னு தோணுச்சு.

அடுத்தது வரிசை. கிளேஸ்ல அடியில இருக்கிறதைத் தான் முதல்ல போட முடியும், அப்ப நான் தொடங்க வேண்டியது ஜோதிக்கு ஒட்டி இருக்கிற கலப்புத் திரையிலேர்ந்து. பூசத்துக்குப் போறவங்க கருப்புலேர்ந்து உள்ள போறாங்க, நான் வெளிச்சத்துலேர்ந்து கிளம்பி ஒவ்வொண்ணா மூடிட்டே வெளிய வரேன். மூடுறது எதிரி வேலைன்னு தானே நெனச்சுட்டு இருந்தோம், திரைன்னா தடை, விலகினா நல்லது. ஆனா வள்ளலார் பாடின அருட்பெருஞ்ஜோதி அகவலை எடுத்துப் பாருங்க, 1596 அடி, அதுல இந்த ஏழு திரையும் வரிசையா வர்ற இடம் இருக்கு, அங்க இந்த இந்தத் திரையால இன்னின்னதை மறைக்கிறது யாருன்னா சாட்சாத் அந்த அருட்பெருஞ்ஜோதி தான். திரை போயி ஜோதியை மறைக்கலை, ஜோதி தான் திரையைப் போட்டு மறைக்குது. எத்தனையோ தடவை காதுல விழுந்த வரிங்க, பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு நானே வெளிச்சத்தை மூட ஆரம்பிச்சப்பறம் தான் உறைச்சுது. சைவத்துல ஐந்தொழில்ல மறைத்தலும் ஒண்ணுன்னு பாடமா படிச்சிருக்கோம், அது வேற, கை செய்யறது வேற.

கலப்புத் திரை தான் ரொம்பப் படுத்துச்சு. ஆறு கலரையும் பேலட்ல சேத்துக் கலக்குனா என்ன வரும், சேறு தான் வரும். ஜோதிக்குப் பக்கத்துல இருக்கிற திரை, அது போயி சேத்துக் கலர்லயா இருக்கும்? குறிஞ்சிப்பாடியில எங்க பெரியப்பா தறி வச்சிருந்தவரு, வடலூர் போற வழி தானேன்னு இறங்கிக் கேட்டேன். அவரு சிரிச்சாரு. "ஏம்மா, திரைங்கற, துணிங்கற, அப்பறம் சாயத்தைப் போயி ஒண்ணாக் கலக்கறேங்கற. பாவுல ஒரு கலரு, ஊடையில ஒரு கலரு போட்டுப் பாரு, அதாம்மா கலப்பு. நூலு நூலாத் தனியாத் தான் இருக்கும், தள்ளி நின்னு பாத்தா புதுசா ஒரு கலரு தெரியும்." அவ்வளவு தான், விஷயம் முடிஞ்சுது. அப்படியே பண்ணேன், பூஜ்யம் நம்பர் பிரஷ்ல நீளவாட்டுல நீலம், சிவப்பு, மஞ்சள், குறுக்குல பச்சை, வெள்ளை, ரொம்ப லேசா கருப்பு, நூல் மாதிரி கோடு கோடா, இடையில போர்டு வெள்ளை தெரியிற மாதிரி. கண்ணு போயிடும் போல இருந்துச்சு. ஆனா எட்டு அடி தள்ளி நின்னா முத்துச் சிப்பியோட உள்பக்கம் மாதிரி ஒரு சாம்பல், அசைஞ்சா கலர் மாறுது.

வெள்ளைத் திரைக்கு முன்னாடி ஒரு ட்ரையல் போர்டு போட்டுக்கிட்டேன், இதை எல்லாருக்கும் சொல்வேன், ஏழு லேயர் வேலையை நேரா மெயின் போர்டுல தொடாதீங்க. அதே மாதிரி பூச்சு போட்ட சின்னத் துண்டுல ஏழையும் பட்டை பட்டையா போட்டுப் பாத்தேன். எது ரொம்ப மறைக்கும்னு நெனச்சேன்? கருப்பு தானே. கிடையாது. கருப்பை நல்லா இளக்கி ஒரு கோட் போட்டா அடியில இருக்கிறது அழகா தெரியுது, புகைக்கு நடுவுல பாக்கற மாதிரி. வெள்ளை போட்ட இடத்துல ஒண்ணுமே தெரியல! டைட்டானியம் வெள்ளைக்கு மறைக்கிற சக்தி மத்த வெள்ளைகளை விடவும் ஜாஸ்தி, பெயிண்ட் கடையில கவரேஜ்னு சொல்லுவாங்களே, அது. செவுத்துக்கு அடிக்கிற பெயிண்ட்ல அதைக் கொட்டறதே அதுக்காகத் தான்.

அதோட விடல. வெள்ளைப் பட்டை மேல பொன் கலர் கிளேஸ் போட்டேன், ஜொலிக்குது. ஏன்னா பொன்னைத் தாண்டிப் போன வெளிச்சம் வெள்ளைத் திரையில பட்டு அங்கேயே திரும்பிடுது, போர்டு வரைக்கும் போகவே இல்ல. போர்டுலயும் டைட்டானியம், திரையிலயும் டைட்டானியம், ஒரே பொருள், பாக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஜோதியைப் பாத்துட்டோம்னு நெனச்சுட்டு அதுக்கு ரெண்டு திரை முன்னாடியே நின்னுடலாம்! ஆறாவது திரை ஏன் வெள்ளை, அதுவும் ஏன் வெளிச்சத்துக்கு அவ்வளவு கிட்டன்னு யாராவது விளக்கம் சொல்லிக் கேட்டிருந்தா சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்திருப்பேன். இது பட்டையில கண்ணால பாத்தது. வள்ளலாரே வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வையில தான் இருந்தாரு, காவி கட்டலை, இருந்தும் வெள்ளையைத் திரை வரிசையில தான் வச்சிருக்காரு, அதையும் பாருங்க.

ஜிங்க் வெள்ளை போட்டா கொஞ்சம் ஊடுருவும், ஆனா அது எண்ணெயில காஞ்சப்பறம் ரொம்ப வெறைப்பாகி வருஷக்கணக்குல வெடிக்கும்னு பேரு எடுத்தது. அதுவும் போக, திரைன்னா மறைக்கணும். யோசிச்சு டைட்டானியமே போட்டேன், கலப்புப் பக்கம் இருக்கிற விளிம்பை மட்டும் காஞ்ச பிரஷ்ல தேய்ச்சுத் தேய்ச்சு மெலிசாக்கிட்டேன். இப்ப படத்துல உண்மையான போர்டு வெளிச்சம் வர்றது நடுவுல விரல் அகலத்துக்கும் அதை ஒட்டின கலப்புலயும் மட்டும் தான், மத்தது முழுக்க வெள்ளைத் திரை கிட்ட கடன் வாங்கின வெளிச்சம்.

பொன்னுக்கு ரா சியன்னாவும் கொஞ்சம் இந்தியன் யெல்லோவும். சிவப்புக்கு கிரிம்சன் லேக். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணைக் கரைச்சுப் போடேன்னு ஒரு ஃப்ரெண்டு ஐடியா குடுத்தான், கேக்க நல்லாருக்கு, ஆனா செம்மண்ல இருக்கிற இரும்பு ஆக்ஸைடு அவ்வளவா ஊடுருவாது, அப்பிக்கும். பச்சைக்கு விரிடியன், நீலத்துக்கு அல்ட்ராமரீன், ரெண்டும் நல்லா ஊடுருவுற கலர். ட்யூப் எல்லாம் பாண்டிச்சேரியில வாங்கினது, இங்க கடலூர்ல விரிடியன் கேட்டா ஸ்கூல் பசங்க வாட்டர் கலர் பாக்ஸை எடுத்து நீட்டறாங்க.

பச்சை கிட்ட ஒரு சிக்கல் இருக்கு, சிவப்பு மேல பச்சை கிளேஸ் போட்டா பச்சை தெரியாது, பழுப்பு தான். அதனால ஒவ்வொரு திரைக்கும் துணி மடிப்போட மேட்டுல மட்டும் முதல்ல வெள்ளையில லேசா ஒரு தீற்று, அது காஞ்சதும் அந்தத் திரையோட கலர். மேட்டுல பச்சை பச்சையாவே தெரியும், பள்ளத்துல சிவப்போட சேந்து இருட்டா போகும், மடிப்பு தானா வந்துடும். ஒரு கோட் காய ஒரு வாரம் பத்து நாள்னு ஆச்சு, கடல் காத்து ஈரம் வேற. ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறது இல்ல, காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துக் கெட்டியாகுது, அதனால ஃபேனைப் பக்கத்துல வச்சா மட்டும் போதாது, வெளிச்சமும் சூடும் வேணும். அடி கோட்ல டர்பன்டைன் ஜாஸ்தி, மேல போகப் போக ஆளிவிதை எண்ணெய் ஜாஸ்தி, இது மாறினா மேல் கோட் முன்னாடி காஞ்சு வெடிச்சுடும்.

நீலத்தையும் முடிச்சுட்டு ஓரத்தைப் பாத்தா, மடிப்புப் பள்ளத்துல எல்லாம் கருப்பு. நான் இன்னும் கருப்புத் திரையைத் தொடவே இல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் அடுக்கி நிக்கும்போது ஒண்ணு விட்ட வெளிச்சத்தை இன்னொண்ணு குடிச்சுடுது, மிச்சம் எதுவும் திரும்பி வர்றதில்ல. அப்ப வெளிய இருக்கிற கருப்பும் எல்லாக் கலரும் சேந்தது தான், உள்ள இருக்கிற கலப்பும் எல்லாக் கலரும் சேந்தது தான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா கருப்பு, பக்கத்துல பக்கத்துல நின்னா கலப்பு. வரிசையோட ரெண்டு முனையும் ஒரே சரக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு வேலை ஓடல, கீழ இறங்கி வந்து டீ போட்டுக் குடிச்சுட்டு சும்மா உக்காந்துட்டேன்.

கருப்பு ட்யூப் வாங்கி வச்சிருந்தேன். ஆனா ட்யூப் மேல லாம்ப் பிளாக்னு போட்டிருந்துச்சு, விளக்குக் கரி. அட, அதை வீட்லயே எடுக்கலாமேன்னு தோணுச்சு, அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் கண்மை எடுத்தது அப்படித் தானே. வடலூர் தருமசாலை அடுப்புலேர்ந்து கொஞ்சம் கரி கேட்டு வாங்கிட்டு வந்தா விசேஷமா இருக்கும்னு தங்கச்சி சொன்னா, 1867லேர்ந்து அணையாத அடுப்பு. விசேஷம் தான், ஆனா விறகுக் கரியில தார் இருக்கும், எண்ணெயில போட்டா கருப்பு வராது, பழுப்பு தான் வரும், காயவும் காயாது. இன்னொரு சொந்தக்காரர் நெய்வேலியில வேலை பாக்கறவரு, "எதுக்கு இவ்ளோ கஷ்டம், பழுப்பு நிலக்கரி ஒரு மூட்டை அனுப்பவா"ன்னு கிண்டல் பண்ணாரு. நிஜமாவே அந்த மாதிரி நிலக்கரி மண்ணுலேர்ந்து வான்டைக் பிரவுன்னு ஒரு கலர் எடுத்திருக்காங்க ஐரோப்பாவுல, ஆனா வெளிச்சம் பட்டா மங்கிடும், வேண்டாம்.

கரி எடுத்த முறை இது தான்: ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தி, ரெண்டு செங்கல் மேல பித்தளைத் தாம்பாளத்தைக் கவுத்து, அடியில விளக்கெண்ணெய் ஊத்தி தடிமனான திரி போட்ட அகல், சுடரோட நுனி தட்டைத் தொடணும். தள்ளி இருந்தா கரி வராது, ரொம்ப கிட்ட வச்சா சுடர் அணைஞ்சுடும். பக்கத்துலயே இருங்க, அந்த ரூம்ல டர்பன்டைன் பாட்டில், எண்ணெய்த் துணி எதுவும் இருக்கக் கூடாது, நான் கீழ சமையக்கட்டுல தான் வச்சேன். ஒரு சாயங்காலம் முழுக்க எரிஞ்சும் ஒரு டீஸ்பூன் கூடத் தேறல. பழைய ரேஷன் கார்டு கவரால சுரண்டி எடுத்தேன், மூக்குல துணி கட்டிக்கோங்க, மூச்சு விட்டாலே பறக்குது.

உக்காந்து சுடரைப் பாத்துட்டே இருந்தப்ப தான், பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் வந்துச்சு. விளக்குச் சுடர் மஞ்சளா பிரகாசமா இருக்கறதே உள்ள இருக்கிற கரித்துகள் சூடாகி ஒளிர்றதால. எண்ணெய் முழுசா எரிஞ்சுட்டா நீலமா மங்கலா தான் இருக்கும், கேஸ் அடுப்பு மாதிரி. அதே துகள் தட்டுல பட்டு சூடு ஆறினா கருப்பு. வெளிச்சமா இருந்த பொருளே தான் கருப்பா ஒட்டுது, வேற எங்கிருந்தும் வரல. மாயைத் திரைக்கு நான் கடையில கருப்பு வாங்கிட்டு வந்திருந்தேன் பாருங்க. மறைக்கிறது ஜோதி தான்னு அகவல் சொல்றதை இதுக்கு மேல தெளிவா யாரு காட்டுவாங்க, தாம்பாளத்துல விரலை வச்சு இழுத்துப் பாத்தேன், அப்படியே மை.

கரைக்கறது தனி வேலை. அம்மியை அம்மா தொட விடல, நியாயம் தான். கண்ணாடித் தட்டு மேல கரியைக் கொட்டி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு, அடி தட்டையான கண்ணாடி பேப்பர் வெயிட்டால அரைச்சேன். கரி எண்ணெயைக் குடிச்சுட்டே இருக்கும், போதும்னு தோணுற அளவுக்கு டபுளா இழுக்கும், அவ்வளவு எண்ணெய் இருக்கறதால லேசுல காயாது, அதுக்காகத் துளி பர்ன்ட் அம்பர் சேத்தேன், அதுல இருக்கிற மாங்கனீஸ் காயறதைச் சீக்கிரப்படுத்தும். கருப்புத் திரை ஒரே கோட், ரொம்ப மெலிசு. ட்யூப் கருப்பை விடக் கொஞ்சம் இதமா இருக்கு, ஓரத்துல மத்தியான வெளிச்சம் பட்டா அடியில இருக்கிற நீலமும் சிவப்பும் எட்டிப் பாக்குது.

முடிச்சப்பறம் பெரியப்பா வந்து பாத்தாரு. "கலப்பு நல்லா வந்திருக்கு, ஆனா நடுவுல சுடரு எங்க?"ன்னாரு. வரையல பெரியப்பா, அது போர்டு, வெறும் பூச்சுன்னேன். ஒரு சொட்டு மஞ்சளாவது வைக்கலாமேன்னு அவருக்கு இன்னும் குறை. அவரு போனப்பறம் சிதம்பரம் கதையை அம்மா சொன்னாங்க, அஞ்சு மாசக் குழந்தையா வள்ளலாரைத் தூக்கிட்டுப் போயிருந்தப்ப ரகசியத் திரையைத் தூக்கினாங்களாம், எல்லாரும் கும்பிட குழந்தை சிரிச்சுதாம். திரைக்குப் பின்னாடி அங்கயும் உருவம் எதுவும் கிடையாது, வெட்டவெளியில தங்க வில்வ மாலை தான் தொங்கும். பெரியப்பா இருந்தப்பவே சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் சப்போர்ட்டா இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இதைப் பூஜை ரூம்ல மாட்டி முன்னாடி விளக்கு வைக்கணும்னு ஆசை. வார்னிஷ் அடிக்காம அதெல்லாம் முடியாது, பிசுபிசுப்பு இருக்கிற வரைக்கும் கரியும் தூசியும் அப்படியே ஒட்டிக்கும். மேல் கோட் கரி எண்ணெய்ங்கறதால ஆறு மாசமாவது விடணும், நடுவுல ஐப்பசி கார்த்திகை மழை வேற இருக்கு, ஆக தை மாசம் வெயில் நல்லா விழுந்தப்பறம் டம்மர் வார்னிஷ் ஒரு கோட். அது வரைக்கும் இருட்டு ரூம்ல போட்டு மூடி வைக்காதீங்க, ஆளிவிதை எண்ணெய் இருட்டுல மஞ்சளாகும், நான் ஹால்ல ஜன்னலுக்கு எதிர்ச் செவுத்துல சாய்ச்சு வச்சிருக்கேன். மிச்சக் கரி ஒரு மருந்து டப்பாவுல இருக்கு, தண்ணி கலர்ல போட நெனக்கிறவங்க முதல்ல ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைச்சுக்கோங்க, இல்லன்னா தண்ணி மேல மிதந்துட்டே இருக்கும்.